ஒன்பதாம் நம்பர் மலையின் ஜோடிப் பாம்பு

நடந்தவற்றை முதலில் வரிசைப்படி எழுதிவிடுகிறேன்.

1. ஒன்பதாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காளியம்மாவை ஒரு பச்சை விரியன் வலது கையில் கடித்தது. அவர் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.
2. பாம்பை அடித்துத் தகர டின்னில் போட்டு, அவரோடு சேர்த்து எங்கள் தோட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.
3. அது பெண் பாம்பு.
4. தாதி பிலோமினா அதை ஆண் பாம்பு என்று சொன்னாள்.
5. ஜோடிப் பாம்பையும் அடிக்காமல் அந்த மலையில் இறங்க மாட்டோம் என்று பெண்கள் நின்றுவிட்டார்கள்.
6. இன்னொரு பாம்பு அடிபட்டு வந்தது. அதை நான் பரிசோதித்தேன்.
7. கொழும்பில் விஷ ஆய்வுகூடம் ஒன்றில் இருந்த ஒரேயொரு இடத்துக்கு, எங்கள் இருவரில் நான் அனுப்பப்பட்டேன்.

ஏழாவதைப் படிப்பவர்கள் ஜெயித்தது நான்தான் என்று நினைப்பார்கள். நானும் சில காலம் அப்படி நினைக்க முயன்றேன்.

இப்போது நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்றதும் நரைத்த தலையை எண்ண வேண்டாம். வயது முப்பத்து மூன்று. ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடி விரியனின் பல் பட்டு வலது ஆள்காட்டி விரல் மடங்காமல் போயிற்று. அந்த விரல் இல்லாமல் அந்த வேலை இல்லை. ஹட்டனில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, தோட்ட ஆஸ்பத்திரிகளில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். பாம்புக்கடிப் பாடம் வந்தால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஆண் பாம்பை, பெண் பாம்பை எப்படிப் பிரித்து அறிவது, எதன் கடி மோசம்? அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கினால் பிலோமினா வந்துவிடுகிறாள். அவளை விட்டுவிட்டு இதைச் சொல்ல வழியில்லை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க். கண்டியில் ஆய்வுகூடப் பயிற்சி பெற்றேன்: இரத்தம், சிறுநீர், நுண்ணோக்கி. சான்றிதழோடு திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. அங்கே எனக்குக் கிடைத்தது ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு அலமாரி நிறைய ஸ்பிரிட் போத்தல்கள். போத்தல்களில் பாம்புகள்.

டொக்டர் இராசநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர். கடிபட்டவர்களோடு வரும் பாம்புகளையெல்லாம் அவர் சேர்த்து வைத்திருந்தார். எந்தப் பாம்பு, எவ்வளவு நீளம், ஆணா பெண்ணா, கடிபட்டவருக்கு வீக்கம் எவ்வளவு என்று பொருத்திப் பார்ப்பது அவருடைய ஆசை. பாம்பின் பக்கம் என் பொறுப்பு. மனிதர்களின் பக்கம் பிலோமினாவின் பொறுப்பு.

அவர் பரிசோதனை செய்யும் ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. முதலில் பாம்பு செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். செத்த பாம்பின் தலையையும் நம்பக்கூடாது. நீண்ட இடுக்கியால் பிடித்துத் தடித்த துணியால் சுற்றிக் கட்டிவிட வேண்டும். பிறகு உடம்பைக் கழுவி, நனைத்த பலகையில் வயிறு மேலே தெரிய நீட்டிப் போட வேண்டும். வயிற்றுச் செதில்கள் அகலமாக ஒற்றை வரிசையில் வரும். அவை முடிகிற இடத்தில் கழிவுத் துவாரம். அதற்குக் கீழே வால். பச்சை விரியனுக்கு வாலடிச் செதில்கள் இரட்டை வரிசை. மூக்கு நுனியிலிருந்து துவாரம் வரை ஓர் அளவு, துவாரத்திலிருந்து வால் நுனி வரை ஓர் அளவு.

ஆணுக்கு உடம்பைப் பார்க்க வால் நீளம். அதன் இனவுறுப்புகள் இரண்டும் வாலுக்குள் மடங்கிக் கிடப்பதால் வாலின் அடிப்பகுதி பருத்து, மெல்ல மெல்லச் சிறுக்கும். பெண்ணுக்கு உடம்பு பெரியது. துவாரத்தைத் தாண்டியதும் வால் சட்டென்று மெலியும். ஆனால் இவை கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்கள், கண் தவறும் என்பார் டொக்டர். ஆகவே கடைசியாக, முனை மழுங்கிய மெல்லிய கம்பியில் கிளிசரின் தடவி, துவாரத்தின் ஓரமாக வால் பக்கம் நோக்கித் தள்ளாமல் நுழைய விட வேண்டும். பெண்ணானால் இரண்டு மூன்று செதில் ஆழத்தில் கம்பி நின்றுவிடும். ஆணானால் எட்டு, பத்துச் செதில் தாண்டியும் போகும். இடது பக்கம் பார்த்தால் வலது பக்கமும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்து வராமல் வாயைத் திறக்கக்கூடாது.

லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சொல்லும் அடையாளங்கள் வேறு. உடம்பில் கறுப்பு அதிகமானால் ஆண், தலை அகலமானால் பெண், விரட்டிக் கடித்தால் பெண். நான் ஒவ்வொன்றையும் அலமாரிப் பாம்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் நிலையாகப் பொருந்தவில்லை. பெண்ணின் கடி மோசம் என்பதில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு, காரணம்தான் வேறு. பெரிய பாம்பு அதிக விஷத்தை இறக்கும், பச்சை விரியனில் பெரியது பெரும்பாலும் பெண். அவ்வளவுதான். என் வகுப்புப் பெண்களின் கேள்விக்குப் பதில் இங்கேயே முடிந்துவிடுகிறது.

நான் முடிவைச் சொல்லும்போது டொக்டர் குழாயடியில் எனக்கு முதுகைக் காட்டிக் கை கழுவிக்கொண்டிருப்பார். "எப்பிடித் தெரியும்?" என்பார். காரணங்களை வரிசையாகச் சொல்வேன். "ம்" என்பார். தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆனால் பிலோமினா வார்ட்டிலிருந்து வந்து, "மூணாம் கட்டில் பாட்டி சோறு வேணாங்குறாங்க டொக்டர், மருமகளோட ஏதோ மனஸ்தாபம் போல" என்று சொன்னால் குழாயை மூடிவிட்டுத் துவாயோடு திரும்பி நிற்பார். மாமியார் மருமகள் மனஸ்தாபத்துக்குக் கொடுத்த காதை, சரியாக அளந்த ஒரு வாலுக்கு அவர் கொடுத்ததில்லை.

பிலோமினா அதே தோட்டத்து மூன்றாம் லயத்தில் பிறந்தவள். அவளுடைய அம்மா அங்கேயே கொழுந்து பறித்தவர். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதிப் பயிற்சி பெற்று வந்தாள். வயது எனக்குச் சமம். நான் கிளார்க்மார் குவாட்டர்ஸ் வீட்டுப் பிள்ளை. என்னை எல்லோரும் "மிஸ்" என்பார்கள், கதவுக்கு வெளியே நின்று பேசுவார்கள். அவளை "பிலோமி", "தங்கச்சி", "அடியே" என்பார்கள். அடுப்படி வரை கூப்பிட்டு ரொட்டி கொடுப்பார்கள். அவள் எனக்கும் பாதி தருவாள். அந்தப் பாதியை வாங்குவது எனக்குப் பிடிக்காது, ஆனால் வாங்கிச் சாப்பிட்டேன். சம்பல் நன்றாக இருக்கும்.

கொழும்பு இடம் பற்றிய பேச்சு அந்த வருடம்தான் வந்தது. டொக்டரோடு படித்த ஒருவர், ஒரு தனியார் மருந்துக் கம்பனிக்காக விஷ ஆய்வுகூடம் தொடங்கியிருந்தார். பாம்பைக் கண்டு பதறாத, கணக்காக வேலை செய்கிற ஒரு பெண் வேண்டும் என்று கேட்டிருந்தார். அரசாங்க வேலை இல்லை என்பதால் பிரஜாவுரிமை கேட்க மாட்டார்கள். பிரஜாவுரிமை இல்லாத எங்களைப் போன்ற தோட்டத் தமிழருக்கு இப்படி ஒரு கதவு இன்னொரு தடவை திறக்காது. டொக்டர் எங்கள் இருவர் பெயரையும் மனத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார். எனக்குத் தூக்கம் குறைந்தது. பிலோமினா பிரசவ அறைக்குள் வந்துவிட்ட ஒரு கோப்பி விரியனைத் துடைப்பத்தால் தள்ளி டின்னுக்குள் போட்டு, மூடி மேல் உட்கார்ந்தபடி ஆள் கூப்பிட்டவள். எனக்கு அலமாரிப் பாம்புகள்தான் பழக்கம்.

காளியம்மா வந்தது அந்த நாட்களில்தான்.

மழை விட்டு வெயில் அடித்த காலை. அப்படிப்பட்ட நேரத்தில் பச்சை விரியன் செடியின் மேல்தட்டுக்கு வந்து கிடக்கும். கொழுந்தின் நிறமும் அதன் நிறமும் ஒன்று. காளியம்மா கொழுந்தோடு சேர்த்து அதையும் பிடித்துவிட்டார். கம்பளியில் வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். புருஷன் ஆறுமுகம் ஒரு கையில் டின்னோடு பின்னால் ஓடி வந்தார். மனைவியின் முழங்கைக்கு மேல், பறிக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கின் கயிற்றால் சுற்றி இறுக்கியிருந்தார்.

"ஆர் இதைக் கட்டினது?" என்றார் டொக்டர், கயிற்றை மெதுவாகத் தளர்த்திக்கொண்டே.

"நான்தாங்க ஐயா. விஷம் ஏறாம இருக்க."

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா விஷம் ஏறியிராது. கையும் இருந்திராது."

கை தலையணை போல வீங்கியிருந்தது. பிலோமினா மரக்குழலை வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டாள். நான் இரத்தம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் வைத்துக் காத்திருந்தேன். நேரம் வந்ததும் சாய்த்துப் பார்த்தேன். உறையவில்லை; தண்ணீர் போல் ஓடியது. இந்தியாவிலிருந்து வரும் பாம்புக்கடி ஊசி இந்தப் பாம்புக்கானது அல்ல. கட்டிலில் கிடத்தி, கையை உயர்த்தி வைத்து, இரத்தம் தானாக உறையத் தொடங்கும் வரை காப்பதைத் தவிர வழியில்லை.

டொக்டர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவவை அசைக்கப்படாது. லொறியிலை ஏத்தினா உள்ளுக்குள்ளை இரத்தம் கசியும். தாயும் பிள்ளையும் ரெண்டும் போகும்."

நான் டின்னை எடுத்துக்கொண்டு என் மேசைக்குப் போனேன். தலையைக் கட்டி, கழுவி, பலகையில் நீட்டினேன். பெரிய பாம்பு, நடு உடம்பு தடித்தது. வால் சட்டென்று மெலிந்தது. இடது பக்கம் கம்பியை விட்டேன். மூன்றாவது செதிலில் நின்றுவிட்டது. அப்போது ஆறுமுகம் கதவில் வந்து நின்றார்.

"ஆம்பளையா பொட்டையாங்க மிஸ்?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"பொட்டைன்னா நாங்க கூட்டிட்டுப் போயிருவோம். பொல்பிட்டிய சிங்கள வைத்தியரு, அந்த வெதமாத்தயா, பொட்டைக் கடிக்கு இலை கட்டுறாரு. பொட்டைக் கடிக்கு இங்கிலீஸ் மருந்து ஏறாதாம், லயத்துல எல்லாரும் சொல்றாங்க. அதுவும் மாசமா இருக்கிறவளைத் தொட்டிருக்குன்னா அது பொட்டையாத்தான் இருக்கும்னு சொல்றாங்க."

"டொக்டர் அசைக்கக் கூடாதுன்னு சொன்னாரே?"

"லொறி கீழ நிக்குதுங்க மிஸ். ஆம்பளைன்னா சொல்லுங்க, இங்கயே கிடக்கட்டும்."

ஹட்டன் போய், கினிகத்தேனை வளைவுகளில் இறங்கிப் பொல்பிட்டிய போய்ச் சேர்வதென்றால் எப்படிப்பட்ட பாதை என்று எனக்குத் தெரியும். என் கையில் கம்பி. இடது பக்கம் பெண் என்று சொல்லியாயிற்று. வலது பக்கம் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் பிலோமினா ஈரக் கையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். டின்னை எட்டிப் பார்த்தாள். டின் காலியாக இருந்தது, பாம்பு பலகையில் என் முழங்கைக்குப் பின்னால் கிடந்தது.

"ஆம்பளைப் பாம்புதாண்ணே," என்றாள். "அதான் அக்கா இன்னும் தெளிவாப் பேசுறாங்க. போய்ப் பக்கத்துல உக்காருங்க, தண்ணி கேட்டாங்க."

ஆறுமுகம் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க மிஸ்?"

"நான் இன்னும் முடிக்கல," என்றேன்.

அது உண்மை. அவர் லொறி நின்ற பக்கம் பார்த்தார். பிறகு திரும்பி வார்ட்டுக்குப் போனார். லொறி வெறுமையாகப் போன சத்தம் கேட்டது. நான் வலது பக்கத்தைப் பார்த்தேன். கம்பி மூன்றாவது செதிலில் நின்றது. டொக்டர் வந்ததும் சொன்னேன். உடம்பைத் திறந்து பார்த்தோம். பச்சை விரியன் வெளியே முட்டையிடுவதில்லை, குட்டி போடும். உள்ளே குட்டிகள் இருந்தன. லயத்துப் பேச்சு இந்தத் தடவை தற்செயலாகச் சரியாகிவிட்டதில் எனக்கு எரிச்சல். டொக்டர் பாம்பைப் போத்தலில் போட்டு அலமாரியின் பின் வரிசையில் தானே வைத்தார்.

மாலையில் பின்கட்டில் பாலில்லாத சாயத் தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பிலோமினாவிடம் கேட்டேன்.

"அது பொட்டைப் பாம்பு."

"அப்படியா?"

"தெரிஞ்சுதான் மாத்திச் சொன்னியா?"

"நான் எங்க டீ பாம்பைப் பாத்தேன்? அந்த அண்ணன் மூஞ்சியத்தான் பாத்தேன். ஒரு காலு வாசலுக்கு வெளிய இருந்துச்சு."

"பொய்தானே அது?"

"பொய்தான். ஞாயித்துக்கிழமை பாதர்கிட்ட சொல்லிக்கிறேன். நீ யார்கிட்டயும் சொல்லாம இரு சரசு, அது போதும்."

அவளுக்கு அது அவ்வளவு சுலபம். இரண்டு பக்கமும் பார்த்தவள் நான். பாம்பையே பார்க்காதவள் அவள். கட்டிலில் கிடந்தவரை அங்கேயே நிறுத்தியது அவளுடைய வாய். அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் என்று முதலில் நினைத்தேன். பிறகு நிதானமாக யோசித்தபோது அதன் சரியான பெயர் பொறாமை என்று தெரிந்தது.

மறுநாள் பெரட்டில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், பெண்கள் வரிசையில் நின்றார்கள், ஆனால் ஒன்பதாம் நம்பர் மலைக்குக் கூப்பிட்டதும் ஒருவரும் அசையவில்லை. வேலு கங்காணி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"ஆம்பளை செத்துப் போச்சாமே மிஸ். பொட்டை இன்னும் மலையில சுத்துதாம். புருசனை அடிச்சவங்களை மணம் புடிச்சுத் தேடுமாம்."

"பாம்பு அப்படியெல்லாம் தேடாது கங்காணி."

"அதை நீங்க அவளுகள்ட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னேன். 'நீங்க முன்னாடி போங்க கங்காணி, நாங்க வாறோம்'னு சொல்றாளுக."

"நீங்க போனீங்களா?"

அவர் தொப்பியைக் கழற்றித் தட்டினார். "எனக்கு ஆறு புள்ளைங்க மிஸ்."

தோட்டத்துத் துரை கோபமாக இருந்தார். மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, இறங்காதவர்களுக்குப் பேர் கிடையாது, அன்றைய கூலி கிடையாது என்று சொல்லிவிட்டார். பெண்கள் அதற்கும் அசையவில்லை. ஜோடியில் ஒன்றை அடித்தால் மற்றதையும் அடித்துவிட்டுத்தான் அந்த இடத்தில் கை வைப்பது என்பது அவர்கள் வழக்கம்.

அந்த நாட்களில் பின் வரிசைப் போத்தல் என் கண்ணில் பட்டுக்கொண்டேயிருந்தது. அவர்கள் தேடுகிற பெண் பாம்பு அதற்குள் இருந்தது. நான் அதைத் தூக்கி வந்து ணங்கென்று மேசையில் வைத்தால் போதும். பிலோமி சொன்னது பொய் என்று தோட்டம் முழுவதும் தெரிந்துவிடும். கொழும்பு இடத்துக்கு ஒரே பெயர்தான் மிஞ்சும். அதே நேரத்தில் ஆறுமுகம் லொறி பிடிப்பார் என்பதும் தெரியும். காளியம்மாவின் இரத்தம் மறுநாளும் ஓடியது. அதற்கடுத்த நாள் பாகு போலக் கொஞ்சம் திரண்டது, டொக்டருக்குத் திருப்தியில்லை. அசைக்கக் கூடாது என்ற உத்தரவு அப்படியே இருந்தது. நானும் போத்தலை அசைக்கவில்லை.

நாலாம் நாள் வேலு கங்காணி ஒரு கம்பில் தொங்கவிட்டபடி இன்னொரு பச்சை விரியனைக் கொண்டுவந்தார். ஒன்பதாம் நம்பர் மலையின் வடிகால் கானோரத்தில் அடித்தார்களாம். பின்னால் கூடைகளோடு பெண்கள் முழுப் பேரும். ஆஸ்பத்திரி முற்றம் நிறைந்துவிட்டது.

"பொட்டை கெடைச்சிருச்சு!" என்றார் கங்காணி. "மிஸ் பாத்துச் சொல்லிட்டா எறங்கிருவாளுக."

பாம்பைப் பலகையில் போட்டேன். டொக்டர் குழாயடிக்குப் போகாமல் கதவருகே நின்றார். ஆறுமுகம் வார்ட்டிலிருந்து வந்து பெண்களோடு சேர்ந்து நின்றார்.

நிலைமையை மனத்துக்குள் வரிசைப்படுத்தினேன். இதுவும் பெண் என்றால் ஜோடி இல்லை. உண்மையைச் சொன்னால் மலை நிற்கும், முதல் பாம்பைப் பற்றிய பேச்சும் கிளம்பும். ஜோடி என்று சொன்னால் நானும் பிலோமினாவைப் போலப் பொய் சொன்னவள் ஆவேன், அவளளவு நன்றாகச் சொல்லவும் எனக்கு வராது. இது ஆண் என்றால், முதலாவது பெண், இரண்டாவது ஆண். ஜோடி உண்மையிலேயே சரி. அவர்கள் எதை எதுவாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும்தான் மாறி நிற்கும்.

பாம்பு சிறியது, கறுப்பு நிறைய. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வால் நீளம். அடிப்பகுதி பருத்திருந்தது, ஆனால் அடிபட்டு வீங்கியிருக்கவும் கூடும். கம்பியில் கிளிசரின் தடவினேன். இது ஆணாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு பரிசோதனை இப்படித்தான் முடிய வேண்டும் என்று நான் அதற்கு முன் வேண்டியதில்லை. இடது பக்கம் விட்டேன். மூன்றாவது செதிலைத் தாண்டியது, ஐந்தைத் தாண்டியது, ஒன்பதில் நின்றது. வலது பக்கம் விட்டேன். ஒன்பது.

"ரெண்டு பக்கமும் பாத்துட்டேன் டொக்டர். சொல்லலாமா?"

"சொல்லும்."

விறாந்தைக்குப் போனேன். "ரெண்டு பாம்பையும் நானே அளந்து பாத்தேன். ஒண்ணு ஆண், ஒண்ணு பெண். ஜோடி சரியா இருக்கு."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறுமுகம் முன்னால் வந்தார். "இதுதானே மிஸ் பொட்டை? என்னா இது, மத்ததைவிடச் சின்னதா இருக்கு?"

நான் சொன்ன வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியத்தைத் தயாரித்து வைக்கவில்லை.

வார்ட் ஜன்னலிலிருந்து பிலோமினாவின் குரல் வந்தது. "ஏண்ணே, ஜோடின்னு மிஸ் வாயால சொல்லியாச்சு. இனி சாதகம் பாத்து, பரிசம் போட்டு, மாப்பிள்ளை உசரம் பத்தலன்னு சண்டையும் போடப் போறீங்களா? இங்க அக்காவுக்குக் கஞ்சி ஆறுது, வந்து ஊட்டிவிடுங்க!"

முற்றம் முழுவதும் சிரிப்பு. "மாப்பிள்ளை குட்டைடி!" என்று ஒருத்தி கத்தினாள். "உம் புருசனைவிட உசரம்தான்!" என்று இன்னொருத்தி. ஆறுமுகமும் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். கூடைகள் மலைப் பக்கம் திரும்பின.

மதியத்துக்குள் ஒன்பதாம் நம்பர் மலையில் பறிப்பு நடந்தது. மறுநாள் காளியம்மாவின் இரத்தம் குழாயில் உறைந்து நின்றது, சாய்த்தும் விழவில்லை. அதை முதலில் பார்த்தவள் நான். வார்ட்டுக்குப் போய்ச் சொன்னபோது காளியம்மா பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சில வாரம் கழித்து டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"கொழும்புக்கு உம்மைத்தான் அனுப்புறன், பிள்ளை."

என் முகம் மலர்ந்திருக்க வேண்டும். ஆனால் நான் காரணம் கேட்கிற பழக்கமுள்ளவள், அவரிடமிருந்துதான் கற்றேன்.

"எப்படி முடிவு பண்ணினீங்க டொக்டர்?"

"அண்டைக்கு முற்றத்திலை நீர் சொன்னதிலை ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆய்வுகூடத்துக்கு அப்பிடி ஆள்தான் வேணும்."

"பிலோமினா?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார், இதையெல்லாமா கேட்பது என்பது போல. "பிலோமினாவை அனுப்பினா இஞ்சை வார்ட்டை ஆர் பாக்கிறது? அவ போனா இந்த ஆஸ்பத்திரி ஒரு கிழமையும் ஓடாது. பாம்பு அளக்க வேறை ஆள் பழக்கலாம்."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அறையில் உட்கார்ந்து அந்த மூன்று வாக்கியங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். விட்டுக்கொடுக்க முடிந்தவளைக் கொடுத்துவிட்டு, முடியாதவளை அவர் வைத்துக்கொண்டார்.

பிலோமினா ரயிலடி வரை வந்தாள். பெட்டியை அவளே தூக்கினாள்.

"குடுத்து வச்சவ டீ நீ," என்றாள். "எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. கடலைப் பாத்திருக்கலாம்."

"டொக்டர்கிட்ட கேட்டியா?"

"கேட்டா போகச் சொல்லிருவாரோன்னு பயமா இருந்துச்சு. காளியம்மா அக்காவுக்கு இன்னும் பிரசவம் ஆகலயே."

அவளுக்கு என் மேல் பொறாமை இருந்ததா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இருந்தது, கொஞ்சம். அதையும் மறைக்காமல் வைத்துக்கொண்டு எனக்குக் கையசைத்தாள். அப்படி ஒரு பொறாமை எனக்கு வாய்க்கவில்லை.

கொழும்பில் நான் நன்றாக வேலை செய்தேன். நாகம், கண்ணாடி விரியன், பச்சை விரியன் என்று என் கையில் வந்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் பார்த்தேன். என் முடிவை யாரும் மறுத்ததில்லை. அங்கே யாரும் கதவில் வந்து நின்று கேட்டதுமில்லை.

இப்போது நிலைமை இது. டொக்டர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். பிலோமினா அதே ஆஸ்பத்திரியில் தலைமைத் தாதி. காளியம்மாவுக்கு வலது கையில் இரண்டு விரல் முழுதாக நீளாது. மற்ற விரல்களால் பறிக்கப் பழகிக்கொண்டார், ஒன்பதாம் நம்பர் மலையிலும் பறிக்கிறார். அந்தப் பிரசவத்தில் பிறந்தது பெண் குழந்தை. முருகன் கோயிலில் வைத்து, காதில் மூன்று தடவை சொல்லி, அதற்குப் பிலோமினா என்று பெயர் வைத்தார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். சரஸ்வதி என்ற என் பெயரிலும் அந்தப் பள்ளிக்கூடத்தில் பல பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் விசாரித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் எனக்காக வைத்த பெயர் அல்ல.